நடந்துகொண்டே எண்ணச் சொல்வது எதற்காக?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருடைய அம்மாவுக்கு 71 வயது. கடைத்தெருவில் உடன் நடக்கும்போது ஏதாவது கேட்டால், அம்மா நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மீண்டும் நடக்கிறார். பெயர்களும் அவ்வப்போது மறந்துபோகின்றன. நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது, அவர் அம்மாவைத் தாழ்வாரத்தில் ஒருமுறை சாதாரணமாக நடக்கச் சொன்னார். பிறகு 100-லிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டே நடக்கச் சொன்னார். "சற்றுக் கவனிக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடையைப் பார்த்து மறதிநோயை (டிமென்ஷியாவை) கண்டுபிடிக்க முடியுமா, பேசும்போது நின்றுவிடுவது அதன் அறிகுறிதானா, இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்பவை அவர் கேட்கும் மூன்று கேள்விகள்.

முதியோருக்கான பிசியோதெரபியில் பல ஆண்டுகளாக இந்தச் சோதனையைச் செய்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். யோசிக்க வேண்டிய வேலையொன்று குறுக்கே வரும்போது உங்கள் அம்மாவின் நடை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதையே அந்த மருத்துவர் அளந்திருக்கிறார். இதை இரட்டைப்பணி நடைச் சோதனை என்கிறோம். இதைக்கொண்டு மறதிநோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் தீர்மானிப்பதில்லை. யாரை இன்னும் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும், யாரை நெருக்கமாகத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க இது உதவுகிறது. அந்த அளவில் இது மதிப்புள்ள சோதனை. அதற்கு மேல் இதன்மீது சுமை ஏற்றினால் தவறான பயத்தையோ தவறான நிம்மதியையோ தந்துவிடும்.

நடப்பது தானாக நிகழும் செயல் என்று நாம் நினைக்கிறோம். அந்த எண்ணம் பாதி சரி. அடி மாற்றி அடி வைக்கும் தாளம் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்புச் சுற்றுகளில் உருவாகிறது; சமநிலையைச் சிறுமூளை திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் எங்கே காலை வைப்பது, எதிரே வரும் மிதிவண்டிக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது, தரை ஈரமாக இருக்கிறதா என்பதையெல்லாம் முடிவு செய்வதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. கவனத்தைப் பகிர்ந்தளிப்பதும், ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்வதும், தேவையற்றதை ஒதுக்குவதும் அதே பகுதியின் வேலைகள்தான். இளமையில் இந்த இடத்தில் கையிருப்பு ஏராளமாக இருப்பதால் பேசிக்கொண்டே படியேறுகிறோம். வயதாகும்போது மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளாலான வெண்பொருளில் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதுபடுகின்றன, நரம்பிணைப்புகள் மெலிகின்றன. முன்பு தானாக நடந்த பல காரியங்களுக்கும் கவனத்தைச் செலவழிக்க வேண்டியதாகிறது. கையிருப்பு குறைந்தவரிடம் நடக்கும்போதே கூடுதலாக ஒரு கணக்கைக் கொடுத்தால், ஏதாவது ஒன்று குறைந்தே தீரும்: நடை வேகம் தளரும், அடிகளுக்கிடையே சீர் கெடும், அல்லது கணக்கு தடுமாறும். தலையில் ஒளியுணரிகளைப் பொருத்தி, நடந்துகொண்டே பேசுபவர்களின் முன்மூளையில் ஆக்ஸிஜன் அளவு எப்படி மாறுகிறது என்று 2011-இல் நியூயார்க்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வெறுமனே நடப்பதைவிடப் பேசிக்கொண்டு நடக்கும்போது அந்த அளவு உயர்ந்தது. இளையோரிடம் அந்த உயர்வு முதியோரிடம் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. தேவை எழும்போது கூடுதலாக எடுத்துப் பயன்படுத்தும் திறன் வயதோடு குறைகிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

பேசும்போது நின்றுவிடுவது பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. சுவீடனின் உமியோ நகரில் லுண்டின்-ஓல்சனும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 1997-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நின்றார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த இந்த முடிவு மருத்துவ உலகில் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது விழும் அபாயத்தை. மறதிநோயை அது அளக்கவே இல்லை. நிற்காமல் நடந்த 46 பேரிலும் 11 பேர் விழுந்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே 'பேசும்போது நின்றால் மறதிநோய்' என்று சுருக்கிச் சொல்லப்படும் செய்திக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

உங்கள் அம்மா நிற்பதற்கு எளிய காரணங்களும் இருக்கலாம். காது மந்தமாகத் தொடங்கியவர்கள், பேசுபவரின் முகத்தையும் உதட்டையும் பார்த்தால்தான் சொல் பிடிபடும் என்பதால் நின்று திரும்புவார்கள். கடைத்தெருவின் இரைச்சலில் அது இன்னும் கூடும். மூட்டுவலி உள்ளவர்கள் நிற்பதற்கு ஒரு சாக்கைத் தேடுவார்கள். மகள் கேட்ட கேள்வி அந்தச் சாக்காகிவிடும். மேடுபள்ளமான தெருவில் விழுந்துவிடக்கூடாது என்று கவனமாக நிற்பது நல்ல தீர்மானமும்கூட. மூளையின் கையிருப்பு குறையும்போது பேச்சைவிட உடல் நிலையைக் காப்பதற்கு முதலிடம் கொடுப்பது பொதுவாகப் பத்திரமான வழி. பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் இதற்கு நேர்மாறாக, பேச்சையும் கையிலுள்ள பொருளையும் விடாமல் நடையைக் கோட்டை விடுவார்கள். அவர்கள் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே நிற்பதைத் தனியாக எடுத்துக் கவலைப்படாதீர்கள். முன்பு பேசிக்கொண்டே உங்களோடு கோயிலைச் சுற்றி நடந்தவர், இந்த ஓரிரு ஆண்டுகளில் நிற்கத் தொடங்கியிருக்கிறார் என்றால், அந்த மாற்றம்தான் கவனிக்கத்தக்கது.

நடைக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பை நேரடியாக ஆராய்ந்தவை வேறு ஆய்வுகள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த, அப்போது மறதிநோய் இல்லாத 422 பேரைத் தொடர்ந்து கவனித்து ஜோ வர்கீஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புக் கோளாறு சார்ந்த நடை மாறுபாடு உடையவர்களுக்குப் பின்னாளில் அல்சைமர் அல்லாத மறதிநோய், குறிப்பாக இரத்தக்குழாய்ப் பாதிப்பால் வருவது, ஏற்படும் வாய்ப்பு அதிகம் எனத் தெரிந்தது. அமெரிக்காவின் ஒரிகனில் நலமாக இருந்த 204 முதியோரை நீண்டகாலம் தொடர்ந்த ஆய்வு 2010-இல் வெளியானது. பின்னாளில் லேசான அறிவாற்றல் குறைபாடு (நினைவும் யோசனையும் வயதுக்கு மீறிக் குறைந்தும், மறதிநோய் என்று சொல்லுமளவு முற்றாத நிலை) ஏற்பட்டவர்களிடம், அது கண்டறியப்படுவதற்குச் சுமார் 12 ஆண்டுகளுக்கு முன்பே நடைவேகம் விரைந்து குறையத் தொடங்கியிருந்ததை அது காட்டியது. மறதி வெளியே தெரிவதற்கு எவ்வளவோ முன்பாகவே கால்கள் ஏதோ சொல்லத் தொடங்கிவிடுகின்றன என்பது என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் ஆர்வத்தை ஏற்படுத்திய செய்தி.

உங்கள் மருத்துவர் செய்த சோதனைக்கு மிக நெருக்கமான ஆய்வு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், லண்டன் என்ற பெயருடைய நகரில் நடந்தது. மான்டெரோ-ஒடாசோ தலைமையில் 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வில் லேசான அறிவாற்றல் குறைபாடு உடைய 112 பேர் பங்கேற்றார்கள். அவர்களை மின்னணு நடைப்பாயில் முதலில் சும்மாவும், பின்னர் எண்களைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டும், விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டும் நடக்கவைத்தார்கள். தொடர்ந்து கவனித்த காலத்தில் 27 பேருக்கு மறதிநோய் ஏற்பட்டது. எண்ணிக்கொண்டு நடக்கும்போது வேகம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3.8 மடங்காக இருந்தது. விலங்குப் பெயர்களைச் சொல்லும்போது அதிகமாகத் தளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 2.4 மடங்கு. வெறும் நடையில் வேகம் குறைவாக இருந்தது மட்டும் அந்த ஆய்வில் உறுதியான முன்னறிகுறியாகத் தேறவில்லை. இதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 112 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, 3.8 என்று சொல்லப்படும் மடங்கின் உண்மை மதிப்பு 1.6-க்கும் 9.2-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர்களுடைய கணக்கே காட்டுகிறது. திசை தெளிவு, அளவு தெளிவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் இவர்கள் அனைவரும் ஏற்கெனவே குறைபாடு கண்டறியப்பட்டவர்கள். தெருவில் போகும் எல்லா முதியோருக்கும் இந்த மடங்கைப் பொருத்தக்கூடாது.

மேலே சொன்ன 20 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இதில் பலர் தவறுகிறார்கள். ஒருவர் 6 மீட்டரை 6 விநாடிகளில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 1 மீட்டர். எண்ணிக்கொண்டே நடக்கும்போது அதே தூரத்துக்கு 7.5 விநாடிகள் ஆகின்றன, வேகம் 0.8 மீட்டர். இழந்த 0.2 மீட்டரை முதல் வேகமான 1 மீட்டரால் வகுத்தால் 20 சதவீதம். இதே எண்களை நேரத்தைக்கொண்டு கணக்கிட்டால், அதாவது கூடுதலான 1.5 விநாடியை 6-ஆல் வகுத்தால், 25 சதவீதம் வரும். ஒருமுறை வேகத்தைக்கொண்டும் மறுமுறை நேரத்தைக்கொண்டும் கணக்கிட்டுவிட்டு, நோய் முற்றிவிட்டது என்றோ குணமாகிவிட்டது என்றோ முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சதவீதத்தின் சிறப்பு, அது ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறது என்பதில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இரண்டு நடையிலுமே அது இருக்கும். உயரம் குறைவு என்றால் இரண்டிலுமே அடி சிறியதாக இருக்கும். அவற்றின் பங்கு பெரும்பாலும் கழிந்துபோய், யோசனையால் ஏற்பட்ட தளர்வு மிஞ்சுகிறது. முழுவதும் கழிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். வலியே கவனத்தைத் தின்னும் ஒரு வேலைதான்.

நடைவேகம் மட்டும் போதாது என்பதை ஒரு முதியவரிடம் கற்றுக்கொண்டேன். அவருக்கு எழுபதுகளின் இறுதியில் வயது. விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னோம். அவர் முதல்முறை நடந்த அதே வேகத்தில் கம்பீரமாக நடந்து முடித்தார். ஸ்டாப்வாட்சில் ஒரு வேறுபாடும் இல்லை. உடனிருந்த மகன் மகிழ்ந்தார். ஆனால் அந்தத் தூரம் முழுவதிலும் "பசு... பசு..." என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபோது அதே நேரத்தில் ஏழெட்டு விலங்குகளைச் சொன்னார். அவர் நடையைக் காப்பாற்றப் பெயர் சொல்லும் வேலையை முழுவதுமாக விட்டுக்கொடுத்திருக்கிறார். வேகத்தை மட்டும் குறித்திருந்தால் அவருக்குக் குறையே இல்லை என்று எழுதியிருப்போம். ஆகவே உட்கார்ந்த நிலையில் எத்தனை பதில், நடக்கும்போது எத்தனை பதில், அவற்றில் எத்தனை பிழை என்பதையும் எழுதிவைக்காத சோதனை பாதிச் சோதனைதான். சுவீடனின் உப்சாலாவில் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்காரும் சோதனையோடு விலங்குப் பெயர்களைச் சேர்த்துச் செய்த ஆய்வுகளிலும், எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, பத்து விநாடிக்கு எத்தனை பெயர்கள் வந்தன என்ற கணக்கு பயனுள்ளதாக அமைந்தது.

எந்த வேலையைக் கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். மிக எளிதாக இருந்தால் நோயுள்ளவரும் தளரமாட்டார். மிகக் கடினமாக இருந்தால் நலமாக இருப்பவரும் தளர்ந்துவிடுவார். 100-லிருந்து ஏழேழாகக் குறைப்பது பள்ளி செல்லாத ஒருவருக்கு நடக்காமல் இருக்கும்போதே கடினம்; அதே வேலை, நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு விளையாட்டு. இந்த இடத்தில் மொழியும் குறுக்கிடுகிறது என்பதை அயல்நாட்டுச் சோதனைகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவோர் கவனிப்பதில்லை. நியூயார்க் குழுவினர் பயன்படுத்திய ஒரு முறை, ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு நடப்பது. இதைத் தமிழ் உயிரெழுத்துகளில் செய்துபாருங்கள்: அ, இ, உ, எ என்று குறில்கள் வரிசையாக வந்துவிடும். நம்முடைய எழுத்து வரிசையே குறிலும் நெடிலுமாக இணைந்து நிற்பதால் இங்கே யோசிக்க ஒன்றும் இல்லை. எ-வுக்குப் பிறகு ஐ என்று வரவேண்டிய இடத்தில்தான் பழக்கம் ஒ என்று சொல்லத் தூண்டும். நலமாக இருப்பவரே அங்கே தடுமாறுவார். மெய்யெழுத்து வரிசையிலும் க, ச, ட, த, ப என்று வல்லினம் தானாகவே வந்துவிழுகிறது. ஆங்கிலத்தில் ஒரே சீராகக் கவனத்தைக் கேட்கும் வேலை, தமிழில் முதலில் மிக எளிதாகவும் பிறகு திடீரென்று கடினமாகவும் மாறிவிடுகிறது. இரண்டையும் ஒரே சோதனையாகக் கருதி அங்குள்ள அளவுகோலை இங்கே வைப்பது சரியாகாது.

நான் தமிழ் பேசும் முதியோரிடம் பெரும்பாலும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணுவதையும், விலங்குகளின் அல்லது காய்கறிகளின் பெயர்களைச் சொல்வதையும் பயன்படுத்துகிறேன். காய்கறிப் பெயர்கள் சமையலறையில் வாழ்ந்தவர்களுக்கு எளிதாக வரும் என்பதால், தொடக்கத்தில் எதைப் பயன்படுத்தினோமோ அதையே அடுத்தமுறையும் பயன்படுத்த வேண்டும். பாதியில் மாற்றினால் ஒப்பீடு குலைந்துவிடும். 100-லிருந்து ஒருமுறை தொடங்கியவரை அடுத்த சுற்றில் 90-லிருந்து தொடங்கச் சொல்வது நல்லது. கேட்ட எண்களே மனப்பாடமாகிவிடும் வாய்ப்பு அதனால் குறையும்.

நேர்கோட்டில் நடப்பது மட்டுமே சோதனையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் வீட்டுக்குள் நடக்கும் நடையில் பாதி திருப்பங்கள்தான்: சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து குளியலறைக்கு, கட்டிலைச் சுற்றி. வளைந்து நடக்கும்போது உள்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் வெவ்வேறு அளவு அடி வைக்க வேண்டும். உடலின் எடையை ஒரு பக்கமாகச் சாய்த்து மீட்க வேண்டும். திரும்ப வேண்டிய இடத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில், வீடியோ விளையாட்டுகளுக்காகத் தயாரிக்கப்பட்ட கினெக்ட் கேமராவைக்கொண்டு செய்த ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு உடையவர்களுக்கும் நலமானவர்களுக்கும் உள்ள வேறுபாடு நேர்நடையைவிட வளைநடையில் கூடுதலாகத் தெரிந்தது. காகிதத்தில் எண்களைக் கோட்டால் இணைக்கும் பழைய உளவியல் சோதனையைத் தரையில் விரித்து, 1, 2, 3 என்ற வரிசையிலும், பிறகு எண்ணும் எழுத்துமாக மாறிமாறியும் தேடி நடக்கவைக்கும் முறையைப் பிரான்சில் உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே தேடுவதும் நினைவில் வைப்பதும் நடப்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. என்னுடைய கருத்தில் எதிர்காலத்தில் இத்தகைய சோதனைகளே முன்னே வரும், ஏனென்றால் அவை வாழ்க்கையில் நாம் உண்மையில் நடக்கும் நடைக்கு நெருக்கமானவை. இப்போதைக்கு அவற்றுக்கான உறுதியான எல்லை மதிப்புகள் நம்மவர்களுக்கென்று வகுக்கப்படவில்லை.

கருவிகள் இல்லாத மருத்துவமனைகளுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. அதே ஜோ வர்கீஸ் குழு 2013-இல் முன்வைத்த கருத்து இது: நினைவாற்றல் குறைகிறது என்று முதியவரே சொல்கிறார், அவருடைய நடைவேகம் அதே வயதும் பாலினமும் உடையவர்களின் சராசரியைவிடக் குறிப்பிட்ட அளவு குறைந்திருக்கிறது, ஆனால் மறதிநோயும் இல்லை, நடமாட முடியாத நிலையும் இல்லை. நினைவுக் குறையும் நடைத் தளர்வும் இப்படிச் சேர்ந்து வரும் நிலைக்குத் தனிப் பெயர் கொடுத்து, 17 நாடுகளைச் சேர்ந்த 26,802 பேரின் தரவுகளை 2014-இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதும், அவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. நமக்கு அருகிலேயே, கோழிக்கோட்டில், கேரளா-ஐன்ஸ்டைன் ஆய்வு என்ற பெயரில் இந்தக் குழு முதியோரைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. அத்தனை பேருக்கும் மூளை ஸ்கேனும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் சாத்தியமில்லை என்னும்போது, ஒரு தாழ்வாரமும் ஒரு ஸ்டாப்வாட்சும் எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடம் படம் வரையச் சொல்லியும் வாக்கியம் எழுதச் சொல்லியும் மதிப்பெண் போடும் சோதனைகள், அவர்களிடம் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடுகின்றன. நடை அந்த அநியாயத்தை அவ்வளவாகச் செய்வதில்லை.

இனி, நடை தளர்வதற்கு மறதிநோயோடு தொடர்பில்லாத காரணங்கள். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதில் உங்களுக்குத் தீங்கு செய்துவிடும். நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கலாம். அப்போது தரையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருப்பதால் கவனம் முன்பே செலவாகிவிடுகிறது. கண்புரை, காது மந்தம், மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், ஒவ்வாமைக்கும் சளிக்கும் கொடுக்கும் மயக்கம் தரும் மருந்துகள் ஆகிய எல்லாமே இந்தச் சோதனையின் முடிவைக் கெடுக்கும். பி12 வைட்டமின் குறைவும் தைராய்டு சுரப்புக் குறைவும் நடையையும் நினைவையும் சேர்த்தே பாதிக்கும். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனையும் மருத்துவமும் உண்டு. தலையில் லேசாக அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மூளையின் மேலுறைக்கு அடியில் இரத்தம் தேங்கினாலும் இப்படி ஆகலாம். கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மந்தமான யோசனை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், மூளைக்குள் நீர் தேங்கும் ஒரு நோயை நினைக்க வேண்டும். கொலம்பியாவைச் சேர்ந்த சாலமோன் ஹகீம் 1965-இல் விவரித்த அந்த நோயில், தேங்கிய நீரை வடியவைக்கும் அறுவை சிகிச்சையால் பலரின் நடை மீண்டும் தேறுகிறது. வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மறுபக்கத்தில், லேசான அறிவாற்றல் குறைபாடு என்று சொல்லப்பட்டவர்கள் எல்லாருமே மறதிநோய்க்குச் செல்வதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் பல ஆண்டுகள் அப்படியே இருக்கிறார்கள்; சிலர் மறுபரிசோதனையில் இயல்பு நிலைக்குத் திரும்புகிறார்கள். நடையும் நினைவும் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு சரிகிறவர்களுக்கே அபாயம் மிக அதிகம் என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 16,000-க்கும் மேற்பட்ட முதியோரைக் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே ஒருநாள் எடுத்த அளவைவிட அளவுகளின் போக்கு முக்கியம் என்பதால்தான் உங்கள் மருத்துவர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அவர் அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் செய்தது சரியான காரியம்.

வீட்டில் செய்யலாமா என்றால், கவனிப்பதற்காகச் செய்யலாம். முடிவு கட்டுவதற்காகச் செய்ய வேண்டாம். தெருவிலோ மாடிப்படியிலோ ஒருபோதும் செய்யாதீர்கள். நீளமான கூடத்தில், வழுக்காத தரையில், நடுவில் 4 அல்லது 6 மீட்டரை அளந்து இரு முனைகளிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் முன்பாகவே நடக்கத் தொடங்கி, அடுத்த கோட்டைத் தாண்டி அதே அளவு நடந்த பிறகு நிற்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் இயல்பாகவே குறையும் என்பதால் அந்தப் பகுதிகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர் கைக்கெட்டும் தூரத்தில், சற்றுப் பின்னால், நீங்கள் நடந்துவாருங்கள். முன்னால் சென்றால் உங்கள் வேகத்துக்கு அவர் நடந்துவிடுவார். 'எது முக்கியம்' என்று சொல்லாதீர்கள். நடப்பதையும் எண்ணுவதையும் தன்னால் இயன்றபடி சேர்த்துச் செய்யுமாறு மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டுமுறை செய்து சராசரி எடுங்கள். அதற்குமேல் மறுபடி மறுபடி செய்யவைத்தால் பயிற்சியால் முன்னேற்றம்போல் தெரியும். தன்னைச் சோதிக்கிறார்கள் என்ற வருத்தமும் அம்மாவுக்கு வரும். அந்த வருத்தம் சிறிய விஷயம் அன்று. பெற்ற பிள்ளை ஸ்டாப்வாட்சோடு பின்னால் வருவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார். எதற்காகச் செய்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது சில தகவல்களைக் கொண்டுசெல்லுங்கள்: அம்மா உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல், கடந்த ஓராண்டில் எத்தனைமுறை விழுந்தார் அல்லது விழப்போனார் என்பது, அடுப்பை அணைக்க மறப்பதோ பழகிய வழியில் குழம்புவதோ பணம் எண்ணுவதில் தவறுவதோ எப்போது தொடங்கியது என்பது. காதையும் கண்ணையும் அதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். பி12, தைராய்டு பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் அதே கண்ணாடியோடும், அன்று அணிந்த அதே செருப்போடும், முடிந்தால் அதே காலை வேளையிலும் சோதனை நடக்கட்டும். எத்தனை மீட்டர் நடந்தார், சும்மா நடந்தபோது எத்தனை விநாடி, எண்ணிக்கொண்டு நடந்தபோது எத்தனை விநாடி, எந்த எண்ணிலிருந்து தொடங்கி எந்த எண் வரை வந்தார், எத்தனை இடத்தில் தவறினார் என்பதை முதல் சோதனைக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முதல்முறை எடுத்த அளவுகள் அம்மாவின் கோப்பில் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஒன்றும் இருக்காது. அப்படியானால் மருத்துவர் மறந்துவிடுவதற்கு முன் இந்த வாரமே தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள்.